கிரவுண்டுக்கு ஒரு ஒயர்

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அது அவர் குற்றமில்லை. கணக்கு தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறாரே, அது அவர் குற்றம்தான். அதனால்தான் ஒரு கூடையை மாடிக்கு இழுக்கிற வேலை எங்கள் வீட்டில் கோயில் கட்டுவதுபோல நீண்டுகொண்டே போனது.

முதலில் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படி ஏறினால் முட்டி போய்விடும், இறங்கினால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. நான் தையல்காரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கிறேன். கடையிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வேனில் வரும். வேன் டிரைவர் மூட்டையை வாசல் கேட்டுக்குள் இறக்கிவைத்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டு, போய்க்கொண்டே இருப்பார். மாடி ஏறுவது அவர் வேலை இல்லையாம். முன்பெல்லாம் நானே போய்த் தூக்கி வருவேன். முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு, இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை மூட்டை கேட்டருகிலேயே கிடந்தது. ஒரு தடவை பூனை அதன்மேல் குட்டி போட்டது.

பூனை விஷயம் கடை முதலாளி காதுக்குப் போய்விட்டது. போன் செய்தார். கத்தவெல்லாம் இல்லை, கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அம்மா, உங்க தையல்ல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா மூட்டை வந்ததும் மேல போயிடணும். திங்கக்கிழமை வர்றதும் கீழயே கெடந்துதுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தையலும் போனால் நான் மாடியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறவளாக ஆகிவிடுவேன். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் என்ன நிறத்தில் சட்டை போட்டார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு. அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

கீழே ஒரு கை கொடுக்க ஆள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறாள். கீழே தரைத்தளத்தில் இவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் தண்ணி மோட்டார். அதன் சுவிட்ச் அவள் சமையலறையில் இருக்கிறது, தொட்டி என் தலைக்கு மேலே இருக்கிறது. ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனாள். தொட்டி வழிந்து, பால்கனியில் நான் தைத்து அடுக்கியிருந்த கோட்டெல்லாம் ஊறிப்போயின.

"போடத் தெரிஞ்சவளுக்கு அணைக்கத் தெரியாதா?" என்றேன் மேலிருந்து.

"தொட்டி நிறைஞ்சுதுன்னு ஒரு குரல் குடுக்க மேல இருக்கறவளுக்கு வாய் இல்லையா?" என்றாள் கீழிருந்து.

எனக்கு வாய் இல்லை என்று என்னைத் தெரிந்த யாரும் சொன்னதில்லை. அன்றோடு முறிந்தது. அவசியமான சேதி ஏதாவது இருந்தால் அண்ணன் தம்பி மூலமாகப் போகும். அவர்கள் இரண்டு பேரும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார்கள். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, மூட்டை மேலே வர வேண்டும். இவர் முதலில் கூடையில் கயிறு கட்டிக் கையால் இழுத்துப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்கும்போதே, குப்புறப் படுத்தபடி, "மோட்டார் வெச்சு இழுக்கலாம். சின்னக் கணக்குதான்" என்றார். அந்த 'சின்னக் கணக்குதான்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம்.

பல்சக்கரம் வைத்த மோட்டார் ஒன்றும், இரண்டு போர்டும் வாங்கி வந்தார். பச்சைப் போர்டு மூளை. புரோகிராம் எழுதி அதில் ஏற்றிவிட்டால், பட்டனை அழுத்தியதும் 'ஏற்று', 'இறக்கு' என்று உத்தரவு போடும். ஆனால் மோட்டாரைத் தானே ஓட்ட அதற்குத் தெம்பு கிடையாது. அதற்குத்தான் சிவப்புப் போர்டு. அதன் பெயர் டிரைவர். மூளை டிரைவரிடம் சொல்லும், டிரைவர் மோட்டாரை ஓட்டும்.

"உத்தரவு போடறது ஒருத்தர், உழைக்கறது ஒருத்தர். நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் பால்கனி மூலையில் பொருத்தி, ஒரு சதுர பேட்டரியை மாட்டி, பட்டனை அழுத்தினார். வெறும் கூடை மேலே வந்தது. மெதுவாக வந்தது, ஆனாலும் வந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ராக்கெட் விட்டவர்போல நின்றார். அப்புறம் கீழே போய்க் கூடையில் பழைய கோட்டுகளைப் போட்டுவிட்டு வந்தார். பட்டனை அழுத்தினார். மோட்டார் 'ம்ம்ம்' என்றது. கூடை அசையவில்லை. மறுபடி கீழே போய் இரண்டு கோட்டை எடுத்துவிட்டு வந்து அழுத்தினார். 'ம்ம்ம்.' வேலை சொன்னால் நாளைக்கு என்று சொல்கிற ஆள் மாதிரி, முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எண்ணெய் விட்டார், திருகினார், திட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு நழுவிவிட்டார். மறுநாள் திங்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் தம்பிக்குப் போன் போட்டேன்.

தம்பி வேறு ஊரில் டி.வி., ரேடியோ எல்லாம் ரிப்பேர் பார்க்கிறான். சின்ன வயதில் பிளக்குக்குள் விரலை விட்டவன். அதிலிருந்து குடும்பத்தில் அவன் பெயர் ஷாக்கு.

"டேய் ஷாக்கு, மோட்டார் முனகுதுடா, தூக்க மாட்டேங்குது."

"என்ன பேட்டரி போட்டிருக்காரு மாமா?"

சொன்னேன். சிரித்தான். "அக்கா, அது பொம்மைக்கும் மைக்குக்கும் போடறது. மோட்டாருக்கு கரண்ட் பத்தாது."

"கரண்ட்டெல்லாம் இருக்குடா. ஃபேன் ஓடுது."

"ஐயோ, அந்தக் கரண்ட் இல்லக்கா. சரி, விடு. பன்னெண்டு வோல்ட் அடாப்டர் ஏதாவது இருக்கா? பழைய கம்ப்யூட்டர் திரையோடது?"

இருந்தது. எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார். அடாப்டரை டிரைவருக்கும், போன் சார்ஜரை மூளைக்கும் கொடுக்கச் சொன்னான். எந்த ஒயரை எங்கே செருகுவது என்று ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக்கொடுத்தான். நானும் ஊசி கோக்கிற கண்தானே, ஒழுங்காகத்தான் மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். இப்போது முனகல்கூட இல்லை. மோட்டார் விக்கல் வந்தவன் மாதிரி ஒரு தடவை துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுபடி போன்.

"டேய், இருந்ததையும் கெடுத்துட்டியேடா."

"பதறாதக்கா. டிரைவர் சூடா இருக்கா பாரு."

"அவன் என்னிக்கிடா சூடா இல்லாம இருந்திருக்கான்? ஒரு நாளாவது சிரிச்ச முகமா மூட்டைய இறக்கியிருப்பானா?"

"வேன் டிரைவர் இல்லக்கா. சிவப்புப் போர்டு" என்றான்.

தொட்டுப் பார்த்தேன். "சில்லுன்னு இருக்கு."

"அப்ப அதுதான். கிரவுண்ட் சேக்கலை நீ. பேட்டரி ஒண்ணா இருந்தப்ப அதுவே சேந்திருந்துது, இப்ப தனித்தனியா ஆயிடுச்சு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு கிரவுண்ட் இருக்கணும். இல்லேன்னா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது. கிரவுண்டுக்கு ஒரு ஒயர் போட்டு சேத்துவிடு, போதும்."

"கிரவுண்டுக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது இல்லாம முடியாதாடா?"

"முடியவே முடியாது."

"எவ்வளவு நீளத்துக்கு ஒயர்?"

"எட்டற அளவுக்குப் போடுக்கா" என்றான். அப்போது யாரோ வாடிக்கையாளர் அவனைக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கட்டடத்தில் கிரவுண்ட் என்றால் ஒன்றுதான். கிரவுண்ட் ஃப்ளோர். 'கிரவுண்ட்ல சொல்லியாச்சா', 'கிரவுண்ட்ல விளக்கு எரியுதா' என்றுதான் நாங்கள் பேசுவோம். அங்கே ஒரு பொது இடம் இருக்கிறது, அதில் யார் செருப்பு வைப்பது என்று தனிச் சண்டையே உண்டு. பொதுவான கிரவுண்டாம். இடி வந்தால் பூமிக்குக் கம்பி இறக்குகிறார்களே, அந்த மாதிரி ஏதோ சமாசாரம் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வேறு வழியே இல்லையா என்று யோசித்தேன். முதலாளியின் நிதானமான குரல் நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து இவர் வாங்கி வைத்திருந்த ஒயர்ச் சுருளை எடுத்து, ஒரு முனையைப் பால்கனிக் கம்பியில் கட்டினேன். மறு முனையைக் கீழே விட்டேன்.

ஒயர் நேராகப் போய் ஓரகத்தியின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு கரண்டி வெளியே வந்து ஒயரைத் தட்டிப் பார்த்தது. அப்புறம் அவள் தலை வந்தது, மேலே பார்த்தது.

"என்ன இது? ஷாக் வெச்சுக் கொல்லப் பாக்கறியா?"

எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அதுல ஒண்ணும் வராது. கிரவுண்ட் ஒயர்" என்றேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"கிரவுண்ட்ல நாங்கதான் இருக்கோம்."

"அதனாலதான் விட்டிருக்கேன். கிரவுண்ட் சேந்தாத்தான் என் மோட்டார் ஓடுமாம். தம்பி சொன்னான். எதுலயாவது கட்டிவிட்டா போதும்."

மோட்டார் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியது. கட்டமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எடுத்தாள், ஜன்னல் கம்பியில், பாத்திர மூடிகள் தொங்குகிற கொக்கியோடு சேர்த்து, இறுக்கிக் கட்டினாள். மூடிகள் கலகலவென்று ஆடின. கட்டி முடித்ததும் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

நான் ஓடிப்போய், சரி, நொண்டிப்போய், பட்டனை அழுத்தினேன். மோட்டார் ஒரு தடவை விக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஷாக்கு திரும்பக் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், எனக்கே கேட்டது. "அக்கா, கிரவுண்டுன்னா மைனஸ்க்கா. ரெண்டு போர்டுலயும் மைனஸ் இருக்கும். அதையும் இதையும் சேக்கணும். விரல் நீளத்துக்கு ஒயர் போதும்."

"அப்ப மைனஸ்னு சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு? உன் வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

என் மானம் போயிற்று. அவளிடம் போய், ஜன்னல் திறக்க வைத்து, மோட்டார் என்று வேறு சொல்லி, எல்லாம் ஒரு மைனஸுக்காக. விரல் நீள ஒயரைச் செருகினேன். மோட்டார் சுற்றியது. கீழே தொங்கிய ஒயரைச் சுருட்டி எடுத்துவிடலாம் என்று பார்த்தால், அவள் கட்டியதை அவள்தான் அவிழ்க்க வேண்டும். அதற்கு மறுபடியும் பேச வேண்டும். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் இவர் வந்தார். அடாப்டரைப் பார்த்ததும், "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார். நினைத்திருப்பார். கீழே போய்ப் பழைய கோட்டுகளையும் பழைய புடவைகளையும் அடைத்துச் சரியான மூட்டையாகக் கூடையில் வைத்தார். நான் மேலிருந்து பட்டனை அழுத்தினேன். கூடை கிளம்பியது. ஊர்ந்தது. முதல் மாடி உயரம் வந்ததும் நின்றுவிட்டது.

முதல் மாடியில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். கூடை அவர் ஜன்னலுக்கு நேராக நின்று ஆடியது. உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர் அதைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். "பேசாதீங்க, ஆட்டாதீங்க" என்று டாக்டர் குரல் கேட்டது. பாவம், அந்த மனிதர் கடைசிவரை கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இவர் மூச்சு வாங்க மேலே வந்தார். போனை மேஜைமேல் வைத்து, தம்பி குரல் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தேன்.

"மாமா, இப்ப பவர் சரியாத்தான் போகுது. டிரைவர் அதுல கொஞ்சம் தின்னும், அது பரவாயில்ல. புரோகிராம்ல வேகம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"முழுசா வெச்சிருக்கேன் மாப்ள. நூறு."

"எத்தனைக்கு நூறு, மாமா?"

"இது என்ன கேள்வி? நூறுன்னா நூத்துக்குத்தான். நூத்துக்கு நூறு."

"அதுல முழுசுங்கறது இருநூத்தம்பத்தஞ்சு, மாமா."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாள் பூராவும் நூறுக்கு மேல் மதிப்பெண் இருக்கும் என்று கனவிலும் நினைத்திராத மனிதர். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் வகுத்துப் பார்த்தார். கணக்கு முடிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"முப்பத்தொம்பது."

"நூத்துக்கா?" என்றேன்.

"நூத்துக்கு." என் பக்கம் திரும்பவேயில்லை. "பாதிகூட வாங்கலை."

"பெத்தவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

எண்ணை மாற்றி ஏற்றினார். பட்டனை அழுத்தினேன். மூட்டை பல் டாக்டரின் ஜன்னலை விட்டுச் சரசரவென்று கிளம்பி, பால்கனிக் கம்பியில் வந்து முட்டி நின்றது. சந்தோஷத்தில் கை தட்டினேன். இவரைக்கூட இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டேன். அது தப்பாகப் போயிற்று, சாயங்காலம் முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

திங்கட்கிழமை. இவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். நான் தலை வாரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பால்கனியில் காத்திருந்தேன். வேன் வருகிற சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்திக் கூடையை இறக்கினேன். அழகாகப் போய்த் தரையில் உட்கார்ந்தது. டிரைவர் மூட்டையைக் கேட்டுக்குள் வைத்தார், ஹாரன் அடித்தார்.

"தம்பி, அதைக் கொஞ்சம் அந்தக் கூடையில..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் வேன் தெருமுனை திரும்பிவிட்டது.

மூட்டை கேட்டருகே. கூடை முற்றத்தின் நடுவே. இரண்டுக்கும் இடையில் பத்தடி இருக்கும். நான் இரண்டாவது மாடியில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டையைக் கூடையில் யார் வைப்பது? நேற்று இவர் கீழே நின்று வைத்தார், அது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை. பேட்டரி, அடாப்டர், மைனஸ், இருநூற்றைம்பத்தைந்து என்று எல்லாம் பார்த்தோம். கீழே ஒரு ஆள் வேண்டும் என்று பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். மதில்மேல் அந்தப் பூனை வந்து உட்கார்ந்து மூட்டையைப் பார்த்தது.

படியில் இறங்கிப் பார்க்கலாம் என்று கதவுவரை போனேன். முதல் படியில் கால் வைத்ததும் முட்டியில் சுரீர் என்றது. திரும்பி வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கையில் தட்டுப்பட்டது அந்த ஒயர். நேற்றுக் கட்டியது, அப்படியே கிடந்தது.

ரோஷம் வேறு தடுத்தது. கூப்பிடவா? என்னவென்று? அவள் ஜன்னலைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருந்தது. குரல் கொடுக்க வாய் இல்லையா என்று அன்று கேட்டாளே, இன்று நிஜமாகவே வாய் வரவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தேன்.

கீழே மூடிகள் கலகலவென்று ஆடின.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், கொஞ்சம் பலமாக. ஏதோ ஒரு மூடி கழன்று தரையில் விழுந்து உருண்டது. பின்வாசல் திறந்தது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கிரவுண்ட் வேணும்னு சொன்னானா உன் தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் கூடையில் வைத்தாள். சாய்ந்துவிடாமல் நாலு பக்கமும் அமுக்கினாள். "ம், இழு" என்றாள். பட்டனை அழுத்தினேன். கூடை ஏறும்போது, கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து அது மேலே சேரும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அன்னிக்கு அந்தக் கோட்டெல்லாம் நனைஞ்சுதே" என்றாள் கீழிருந்து. முழுசாகச் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

"நான் ஒரு குரல் குடுத்திருக்கலாம்க்கா" என்றேன். எனக்கும் அவ்வளவுதான் வந்தது. கண் கரித்தது. மூட்டையை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"இந்த ஒயரை அவுக்காத" என்றாள். "மூட்டை வந்தா ரெண்டு தடவ இழு. தொட்டி நிறைஞ்சா ஒரு தடவ. மாத்திக் கீத்தி இழுத்துடாத, உனக்கு அவசரத்துல எண்ண வராது."

"வாத்தியார் பொண்டாட்டிக்கா எண்ண வராது?"

"அந்த வாத்தியாரோட கணக்கைத்தான் நேத்து பல் டாக்டர் வீட்டுல எல்லாரும் பாத்தாங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் ஷாக்கு கூப்பிட்டான். எல்லாம் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றேன்.

"கீழ விட்டியே அந்த ஒயரு, அதைக் கழட்டிட்டியாக்கா? அது தண்டம். அதுல ஒண்ணுமே போகாது."

அப்போதுதான் தலைக்கு மேலே தொட்டி நிரம்பிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே எட்டி, ஒரு தடவை இழுத்தேன். கீழே மூடிகள் ஆடின. தண்ணி மோட்டார் நின்றது.

"உனக்கு எலக்ட்ரிக் வேலை மட்டும்தாண்டா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தைக்க நிறைய இருந்தது.